புகை போகும் மூலை

"கதவிடுக்குல உள்ளேயிருந்து டேப் ஒட்டியிருந்துச்சு, அதனால தற்கொலைன்னு போலீஸ் எழுதிட்டாங்க. நீயும் இந்த வேலைதானே செய்யறே? டேப் ஒட்டுவியா?"

யென் அக்கா இப்படிக் கேட்டதும் பெங் ஷாவ்-லுன் அழுவதை நிறுத்திவிட்டு முறைத்தான்.

"நான் மட்டும் இல்லக்கா. இந்த ஊர்ல கம்ப்யூட்டர் சிப்பைக் குளிர வெச்சு விரட்டற எல்லாரும் ஒட்டுவோம். அதுவும் இந்த மழைக்காலத்துல ஒட்டாம விட்டா போர்டு மேல தண்ணி முத்து முத்தா நிக்கும். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் புகைஞ்சு போயிடும்."

குவாங்ஹுவா சந்தையின் நாலாவது மாடியில் பெங்கின் கடை. கடை என்று அவன்தான் சொல்கிறான். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியே நின்று பேச வேண்டும். நான் வெளியே நின்றேன். தலைக்கு மேல் அவிழ்ந்து தொங்கிய ஒயர்களுக்கு நடுவே அக்காவின் தலை மட்டும் தெரிந்தது.

விஷயம் இதுதான். போன புதன்கிழமை பெங்கின் நண்பன் லாய் யூ-ஷெங் செத்துப்போனான். வயது முப்பத்திநாலு. ஜோங்ஹவில் அப்பா வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கிடந்தான். காலடியில் திரவ நைட்ரஜன் கேன். அறையெல்லாம் நைட்ரஜன் நிரம்பி, மூச்சுவிட ஆக்ஸிஜன் இல்லாமல் போய்விட்டது. கதவைச் சுற்றி உட்புறம் அகல டேப். எங்கள் ஊரில் அறைக்குள் கரி மூட்டிச் சாகிறவர்கள் இதே மாதிரிதான் டேப் ஒட்டுவார்கள். அதைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்கு ஐந்து நிமிடம்தான் தேவைப்பட்டது. இரண்டு நாள் முன்னால் அப்பாவோடு சண்டை என்று தெரிந்ததும் அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டை மிச்சம் பிடித்துவிட்டார்.

அந்த அப்பாதான் நேற்று எங்கள் ஆபீசுக்கு வந்தார். எங்கள் துப்பறியும் ஆபீசுக்குச் சோறு போடுவது ஊர்க்காரர்களின் கள்ளக்காதல். லாட்ஜ் வாசலில் கேமராவோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். அழுகிற கணவன், கத்துகிற மனைவி எல்லாம் பார்த்தாயிற்று. லாய் ஐயா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முப்பத்திநாலு வயசுல பொம்மைக்குக் குளிரூட்டிட்டு உக்காந்திருக்கே, நீ இருக்கறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்னு சொன்னேன்மா. அந்த வார்த்தையாலதான் செத்தானா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஏழாம் நாள். அவன் ஆவியா வீட்டுக்கு வர்ற நாள். எந்த முகத்தோட வாசல்ல நிக்கறதுன்னு எனக்குத் தெரியணும்."

இன்றைக்குத் திங்கள்.

"ஆ-ஹான், இந்தக் குளிர் சமாச்சாரத்தை எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் அக்கா, கடைக்கு வெளியே நின்ற என்னிடம்.

"சிப் வேகமா ஓட ஓடச் சூடாகும்க்கா. சூடேறினா தப்புக் கணக்கு போடும், தடுமாறும், நின்னுடும். அதனால கம்பெனிக்காரனே ஒரு அளவு வெச்சு, இதுக்கு மேல ஓடாதேன்னு கட்டிப்போட்டுத்தான் விக்கறான். இவங்க அந்தக் கட்டை அவுத்துவிட்டு, தலையில நைட்ரஜனை ஊத்தி ஊத்தி விரட்டுவாங்க. எவ்வளவு குளிரோ அவ்வளவு வேகம்."

"ஊத்திக்கிட்டே போனா வேகமும் ஏறிக்கிட்டே போகுமா?"

"அதான் இல்ல" என்றான் பெங். "ஒவ்வொரு சிப்புக்கும் தாங்கற குளிர் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ போனா விறைச்சு நின்னுடும். சூட்டுக்கும் விறைப்புக்கும் நடுவுல ஒரு மயிரிழை. அந்த இழையைப் பிடிக்கறதுல யூ-ஷெங் கை மாதிரி யாருக்கும் கிடையாது. இந்த ரகச் சிப்புல என்னோட சாதனை எட்டாயிரத்து முன்னூறு மெகாஹெர்ட்ஸ். அதை அவன் தாண்டுவான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"நான்தான் நைட்ரஜன் கேனையே புதன்கிழமை காலையில தூக்கிட்டுப் போய் மாடியில வெச்சேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"கொட்டகைக்குள்ள போனியா?"

"விடமாட்டான். கதவைத் திறந்தா ஈரம் வந்துடும்பான். வெளியே வெச்சுட்டு வந்துட்டேன். ஆக்ஸிஜன் அளக்கற கருவி ஒண்ணு வாங்குடான்னு சொன்னேன். அடுத்த மாசம் வாங்கறேன்னான்." பெங் மறுபடி அழ ஆரம்பித்தான். அவன் அழுகை நிஜமா நடிப்பா என்று தீர்மானிப்பது என் வேலை. எனக்குத் தெரியவில்லை.

அக்கா அவனிடம் யூ-ஷெங்கின் பழைய வீடியோக்களைப் போடச் சொன்னாள். முப்பது இருந்தன. ஒன்று, இரண்டு, நாலு வீடியோ. எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். அடைத்த கொட்டகை, டேப் ஒட்டிய கதவு, செம்புக் கிண்ணத்தில் அவன் ஊற்றுகிற நைட்ரஜன். மேஜை விளிம்பில் வழிந்து தரையில் இறங்கும் வெண்புகை. நான் அவன் கையைப் பார்த்தேன், பெங் திரையில் ஓடும் எண்ணைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

"இந்தப் புகை தரைக்கு வந்தப்புறம் எங்க போகுது?"

"குளிர்ந்த காத்து கனமா இருக்கும்க்கா, கீழதான் கிடக்கும்."

"கிடக்கலையே, நடக்குதே. பாரு."

பார்த்தோம். நாலு வீடியோவிலும் புகை தரையோடு தரையாக இடது பக்கம் ஓடி, மூலையில் இருந்த அலமாரிக்குக் கீழே நுழைந்து காணாமல் போனது. அக்கா தன் போனை எடுத்து, போலீஸ் லாய் ஐயாவிடம் கொடுத்திருந்த கடைசி வீடியோவைப் போட்டாள்.

இதிலும் புகை தரைக்கு வந்தது. ஆனால் எங்கேயும் போகவில்லை. அங்கேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியின் கால்களில் ஏறியது. யூ-ஷெங்குக்குக் கண் மேலே திரையில். எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று எண் வந்து நின்றது. அவன் இரண்டு கையையும் மெதுவாக உயர்த்தினான். உடனே இறக்கிவிட்டு, தூக்கம் வந்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். இருமவில்லை, திணறவில்லை. நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. எண் மட்டும் திரையில் நின்றுகொண்டிருந்தது.

பெங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு ஏதாவது ஜோக் அடித்தால் தேவலை போலிருந்தது.

"முப்பது தடவை டேப் ஒட்டி உயிரோட வெளிய வந்தவன், முப்பத்தோராவது தடவை ஏன் வரலை?" என்றாள் அக்கா. "ஸ்கூட்டரை எடு."

மழை விடாமல் பெய்தது. பாலத்தில் அக்கா என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, கடையில் வாங்கிய, தேயிலைத் தண்ணீரில் அவித்த முட்டையை உரித்துத் தின்றபடியே வந்தாள். ஓடு என் மழைக்கோட்டுப் பைக்குள் விழுந்தது.

"நான் என்ன குப்பைத்தொட்டியாக்கா?"

"ரோட்டுல போட்டா அபராதம். உன்மேல போட்டா யாரு கேப்பாங்க?"

லாய் ஐயாவின் வீடு ஐந்து மாடிப் பழைய கட்டடத்தின் உச்சியில். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேஜைமேல் நேற்று வாங்கி வந்த சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்ததை அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். நாற்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்த மனிதர். மனைவி போய் ஒன்பது வருஷம். இருந்தது இந்த ஒரு பையன்.

கொட்டகைக்குள் எல்லாம் அப்படியே இருந்தது. போலீஸ் பிய்த்த டேப் கதவில் தொங்கியது. கம்ப்யூட்டர் தலைமேல் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் பாங்கிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மெஷின் இருக்கிற இடத்தில் எல்லாம் அது இருக்கும். சமத்தாயிரு என்பதுதான் அந்தப் பொரியின் பேரே. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் மக்கர் பண்ணும். காலாவதியான பொட்டலத்தை வைத்து, அப்புறம் மெஷினைத் திட்டுகிறவனை ஆபீசில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

"தேதி என்ன?" என்றாள் அக்கா.

"அடுத்த வருஷம் ஜனவரி வரைக்கும் இருக்கு. புத்தம் புதுசு. ஆனா இது பழக்கத்துல வெச்சதா இருக்கலாமேக்கா. சாகப் போறவன்கூடப் பல்லு விளக்குவான்."

அக்கா குப்பைக்கூடையைக் கிளறி ஒரு கடை ரசீதை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. பொரிப் பொட்டலம் இரண்டு.

"ரெண்டாவது எங்கே?"

இழுப்பறையில் இருந்தது. அதன்மேல் தடித்த பேனாவால் யூ-ஷெங் எழுதியிருந்தான்: 'அடுத்த மாசம் பதினெட்டு. போட்டி. தயவு செஞ்சு மானத்தைக் காப்பாத்து.'

அக்கா அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். "அடுத்த மாசத்துக்கு மெஷின்கிட்ட சொல்லி வெச்சவன் இந்த மாசம் தானா சாவானாடா?"

சாக மாட்டான். கீழே பிரிக்காத சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது.

ஆனால் அக்கா அதோடு விடவில்லை. மண்டி போட்டு, இடது மூலை அலமாரியை நகர்த்தினாள். தரையை ஒட்டிச் சுவரில் கைமுட்டி அளவு ஓட்டை. அதன் வாயில் சின்ன கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைத் திருகி வைத்திருந்தான். சுவிட்சைப் போட்டேன். விசிறி ஜோராகச் சுற்றியது.

"இதான் விஷயம். தரையில இறங்கற நைட்ரஜனை இது வெளிய தள்ளும். அதனாலதான் டேப் ஒட்டியும் உயிரோட இருந்தான். பொல்லாத ஆளுக்கா. விசிறி நல்லாத்தானே ஓடுது?"

அக்கா ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்து விசிறிக்கு முன்னால் பிடித்தாள். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் சும்மா தொங்கியது.

"ஓடுது. காத்து போகலை. விசிறி சுத்தறதைப் பார்த்து நீ ஏமாந்தே. அவனும் அப்படித்தான் ஏமாந்திருப்பான்."

வெளியே ஓடினோம். கொட்டகைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஓராள் சந்து. தெர்மோகோல் பெட்டிகளில் சர்க்கரைவள்ளிக் கீரை. இரண்டு பெட்டியை நகர்த்தியதும் ஓட்டையின் வெளிப்பக்கம் தெரிந்தது. சுவர் விரிசலுக்குப் பூசுகிற வெள்ளைப் பட்டியால் யாரோ அதை முழுசாக அடைத்திருந்தார்கள்.

எனக்கு ரத்தம் சூடேறியது. "அக்கா, இது கொலை. புதன்கிழமை காலையில கேனோட மாடிக்கு வந்தது யாரு? சாதனை போகப் போறது யாருக்கு? பெங் அழுத அழுகைக்கு..."

"சும்மா இரு." அக்கா அந்த அடைப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெங் கடையைப் பார்த்தியா? ஒரு ஒயரை ஒழுங்கா சுத்தி வெக்கத் தெரியாதவன். இதைப் பாரு. விரலால நீவி விட்டிருக்கு. ஓரத்துல பிசிறு இல்ல. சிந்தினதைத் துடைச்சிருக்கு. வெறுப்புல அடைக்கறவன் ஒரு துணியைத் திணிச்சிட்டு ஓடிடுவான்டா. இது வெறுப்புல செஞ்ச வேலை இல்ல."

"அப்போ?"

அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் லாய் ஐயா குடையோடு மாடியேறி வந்தார். இன்னொரு குடையை அக்காவுக்கு நீட்டினார். அக்கா எழுந்து, ஓட்டைக்கு முன்னால் அதை மறைத்தபடி நின்றாள்.

"ஐயா, நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு. உங்க பையன் தற்கொலை பண்ணிக்கலை. ஈரம் வராம இருக்கத்தான் டேப் ஒட்டினான். அடுத்த மாசப் போட்டிக்குத் தயாராகிட்டு இருந்தான். உங்க வார்த்தையால அவன் சாகலை."

லாய் ஐயா கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். ஆறு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பார்த்த அழுகைகளிலேயே பார்க்கச் சந்தோஷமாக இருந்தது அது ஒன்றுதான். "போட்டியா, அடுத்த மாசமா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கீழ வாங்க, ஏதாவது சாப்பிடலாம். எனக்குப் பசிக்குது" என்றார்.

"போலாம் ஐயா" என்றாள் அக்கா, வேகமாக. என் கையைப் பிடித்து இழுத்து, ஓட்டையை மறைக்கத் தன் இடத்தில் நிறுத்தினாள். நான் முட்டாள். நகர்ந்துவிட்டேன்.

"அதை ஏன் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார் லாய் ஐயா. "நல்லாத்தானே அடைச்சிருக்கேன்?"

அவர் குனிந்து பட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை திட்டிட்டேனா, மனசு கேக்கலை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்ல. செவ்வாய்க்கிழமை அவன் கடைக்குப் போன நேரத்துல மேல வந்தேன். ஈரம் அண்டாம உள்ள ஏசியைப் போட்டுட்டுப் போயிருந்தான். இங்க கை வெச்சுப் பாத்தா குளிர்காத்து குபுகுபுன்னு வெளிய வருது. ஊரான் வீட்டுக் குளிரையெல்லாம் ஒரு சொட்டு வெளிய போகாம அடைச்சுக் குடுத்திருக்கேன். என் பையன் குளிருக்காகக் கஷ்டப்படறான், அது பாட்டுக்கு வீணாப் போகுதேன்னு..."

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். முதலில் என்னுடையதை, பிறகு அக்காவுடையதை. நாற்பது வருஷம் குளிரோடு வேலை செய்தவர். யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"குளிர்ந்த காத்து கீழ இறங்கும்" என்றார் மெதுவாக. "கீழ ஓட்டை வெச்சிருந்தான்."

"ஐயா..."

"அது போறதுக்காக வெச்சிருந்தான்."

குடை அவர் கையிலிருந்து சரிந்தது. அவர் மண்டி போட்டு, பட்டியை விரலால் நோண்டத் தொடங்கினார். இறுகிப் போயிருந்தது. நல்ல வேலைக்காரர் செய்த வேலை. நகம் பிய்ந்து ரத்தம் வந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் குந்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் மேல வந்தது அவனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரிஞ்சிருக்க வழி இல்ல ஐயா. உள்ளேயிருந்து பார்த்தா விசிறி சுத்தும்."

"அப்போ நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேதான் போயிருக்கான்."

அக்கா பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். தொழிலில் தினம் பத்துப் பொய் சொல்கிறவள். "ஆமா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

கீழே வீட்டுக்குள் அவரை உட்கார வைத்து விரலில் துணி சுற்றினேன். அக்கா எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் சொல்றதை நல்லா கேளுங்க. எங்க அறிக்கையை நாங்க போலீசுக்குக் குடுத்தாகணும்னு ஒண்ணும் இல்ல. குடுக்கலைன்னா அவங்க தற்கொலைன்னே மூடிடுவாங்க. உங்க பேரு எங்கயும் வராது."

"குடுத்தா?"

"விபத்துன்னு மாறும். ஓட்டையை அடைச்சது யாருன்னு கேப்பாங்க. கேஸ் வரலாம். கவனக்குறைவால மரணம்னு உங்களைக் கோர்ட்டுல நிக்க வெப்பாங்க. சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், எல்லாருக்கும் தெரியும்."

"அடைச்சது யாருன்னு தெரியலைன்னு எழுதிடலாம்க்கா" என்றேன் நான். "யாரு கேக்கப் போறாங்க?"

லாய் ஐயா என்னை அன்பாகத்தான் பார்த்தார். "அப்போ பெங்கைச் சந்தேகப்படுவாங்க தம்பி. நீயே சந்தேகப்பட்டிருப்பே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உயிரை மாய்ச்சுக்கிட்டவன்னு என் பையனைச் சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை இந்தப் படிக்கட்டுல விளையாட விடறதில்ல. அவன் எட்டாயிரத்து நானூறைத் தொட்டவன். கையைத் தூக்கினான்ல, வீடியோவுல நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தோம் ஐயா."

"எழுதுங்க."

அக்கா என்னிடம் தலையசைத்தாள். நான் மழைக்கோட்டுப் பைக்குள்ளிருந்து வாக்குமூலக் காகிதத்தை எடுத்தேன். முட்டை ஓடு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். பேர், லாய் ஜின்-தேன். வயது அறுபத்தெட்டு. தொழில், குளிர்சாதன மெக்கானிக். ஓட்டையை அடைத்த நாள், நேரம், எவ்வளவு பட்டி, எந்தக் கையால். வேலை விவரம் சொல்கிற குரலில் சொன்னார். நான் எழுதிக்கொண்டே போனேன். இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது.

அவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி நிறுத்திட்டே? அப்பான்னு எழுது."

எழுதினேன்.